அவள் தாளை நான் எழுதினேன்

என் மனைவியிடம் இருபது கேள்விகள் கேட்க வேண்டியிருந்தது. ஒன்றைக்கூட அவளிடம் கேட்காமல் இருபதுக்கும் நானே பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் தொந்தரவு எதுவும் இல்லை என்று அர்த்தம். வருகைப் பதிவேட்டை முடிப்பதுபோல் முடித்து, கீழே அவளுக்காகக் கையெழுத்தும் நானே போட்டேன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன கிராமத்தில் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தேன். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு என்று நிலமும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியில் படித்தவன் என்பதால், மேரிக்கு (கொம்யூன் அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மனு எழுத வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். எட்டாம் வகுப்புக்கு மனித உடல் பாடம் நடத்துவேன். இதயத்தையும் நுரையீரலையும் கரும்பலகையில் அழகாக வரைவேன். கர்ப்பப்பை இருந்த பக்கத்தை மட்டும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிடுவேன்.

வீட்டில் மாதம் மூன்று நாள் என் மனைவி மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் இருப்பாள். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு வருவாள். வீட்டுக்குத் தூரம் என்று அதற்குப் பெயர். ஊரில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். அதனால் எந்த வீட்டில் எந்தப் பெண் எப்போது தூரம் என்பது ஊருக்கே தெரியும். பெண்களின் உடம்பு நமக்குத் தெரிந்த விஷயம் என்கிற மடத்தனமான நம்பிக்கை எங்களுக்கு, அதாவது ஆண்களுக்கு, அப்படித்தான் வந்தது. கொட்டகை அறையில் இருந்தால் அவளுக்கு உண்டு. அடுப்படியில் இருந்தால் இல்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதில் அது முறை தவறியது. மூன்று நாள் ஏழாயிற்று, ஏழு பதினைந்தாயிற்று. ஒரு மாதம் வராது. அடுத்த மாதம் இருபது நாள் கொட்டகையிலேயே கிடப்பாள். அந்த நாட்களில் பதினெட்டு வயது மகள்தான் சமைத்தாள். பெரும்பாடு என்று பழைய வைத்திய நூல்களில் இதற்குப் பெயர் உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன? அவளுக்கு என்ன செய்கிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சோற்றில் உப்பு சரியில்லை என்றுதான் கவனித்தேன்.

சித்திரையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். காப்புக் கட்டிக்கொண்டவனின் வீடு, அவன் தீ மிதித்து முடிக்கும்வரை சுத்தமாக இருக்க வேண்டும். தூரமான பெண்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வருடம் காப்புக் கட்டுபவர்களில் நானும் ஒருவன். நாள் நெருங்க நெருங்க எனக்குக் கோபம் ஏறியது. ஒரு காலையில் கொட்டகை வாசலில் நின்று கத்தினேன்.

"மாசம் பூராவும் இங்கியே கெடந்தா வூட்ல யாரு ஆக்கறது? காப்பு கட்டறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணு."

"நான் இன்னாங்க முடிவு பண்றது? நானா வர வெச்சிக்கிறேன்?"

"அப்போ உன் அம்மா வூட்டுக்குப் போ."

"போன மாசம் போனேனே. எத்தினி நாளுக்கு வெச்சிக்கும் எங்க அண்ணி? வாசல்லியே தட்டக் குடுத்துது."

அவள் பிறந்த வீடு கரையாம்புத்தூர். அண்ணன் மனைவி அவளை எப்படி நடத்தினாள் என்பதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர முடியோடு அடுப்படியில் நின்றாள்.

"நின்னு பூட்டுதுங்க. இனிமே உங்க சாமிக்கு என்னால தொந்தரவு இல்ல."

நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவள் முகம் வெளுத்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இரண்டையும் பார்த்தேன். காப்புக் கட்டிக்கொண்டேன், தீ மிதித்தேன். என் காலில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்று பத்து பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆனி மாதத்தில் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தார்.

"சார், புள்ள பெத்துக்கற வயசுல இருக்கிற பொம்பளைங்கள வீடு வீடா வந்து கூப்பிடறோம். அந்த வயசு தாண்டிட்டா அவங்கள ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல. நின்னுபோற வயசுல அவங்க எப்படி வாழறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தாளில் இருபது கேள்விகள் இருந்தன. உடம்பில் திடீரென்று சூடு ஏறுகிறதா, வேர்க்கிறதா, தூக்கம் வருகிறதா, இடுப்பு வலிக்கிறதா, உதிரம் முறையாக இருக்கிறதா, நின்றுவிட்டதா, எரிச்சல் வருகிறதா, அழுகை வருகிறதா, யாரிடமாவது சொல்ல முடிகிறதா என்று போயிற்று. கடைசிக் கேள்வி: மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை இப்போது எப்படி இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மூன்று என்றால் தாங்க முடியவில்லை. கூட்டுத்தொகை அதிகம் வந்தவர்களை டாக்டரம்மா அழைத்துப் பரிசோதிப்பார். உதிரம் நிற்காதவர்களைக் கூட்டுத்தொகை பார்க்காமல் அழைப்பார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பெண்தான் கேட்க வேண்டும், ஆண்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் ஒருவர் எங்கள் பள்ளியில் இருந்தார். அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்.

"அம்மா இருக்காங்களா சார்?"

"என் வீட்டுத் தாள நானே எழுதித் தர்றேன். நீங்க அடுத்த வீட்டுக்குப் போங்க."

"அவங்களத்தான் கேக்கணும்னு டாக்டர் சொன்னாங்களே சார்..."

"எனக்குத் தெரியாததா?"

அவர் போய்விட்டார். என் மனைவி உள்ளே மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அன்று மாலையே இருபது பூஜ்யங்களையும் போட்டுவிட்டேன். சித்திரையிலிருந்து அவள் கொட்டகைக்குப் போகவில்லை. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

டீச்சர் கொண்டுவந்த தாள்களிலும் முதலில் பூஜ்யம்தான். "எல்லாரும் முட்டை சார்" என்றார். கேட்டால், வேலைக்குப் போனேன், அப்படியென்றால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறார்களாம். படுத்துவிட்டால்தான் அவர்கள் கணக்கில் நோய். படுக்க எவனும் விடுவதில்லை, ஆகையால் நோயும் இல்லை.

வழி கண்டுபிடித்தது எங்கள் கழனிகளுக்கு நடவு ஆள் கூட்டி வரும் பெண். அவளுக்கும் ஐம்பது இருக்கும். ஏம்பலம் வரை அவள் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. டீச்சர் வரப்பில் உட்கார்ந்து அவளிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டாராம்.

"படுத்தா வரும் டீச்சரம்மா. படுக்க வுட்டாத்தான?" நாற்று முடியோடு மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "இத பாரு, என்னப் பத்திக் கேட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இவளப் பத்திக் கேளு, பிட்டுப் பிட்டு வெக்கிறேன். அவ என்னப் பத்திச் சொல்லட்டும்."

அதன்பிறகு தாள்கள் நிரம்பின. ஒவ்வொருத்தியும் பக்கத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். தாளில் இடம் போதாமல் டீச்சர் பின்பக்கமும் எழுதினார். டாக்டரம்மா கூட்டல் போடும் வேலையை மட்டும் என்னிடம் விட்டிருந்ததால் அத்தனையையும் நான் படித்தேன். குப்பென்று சூடு ஏறுவதால் நடுக்கழனியில் முந்தானையைச் சேற்றுத் தண்ணீரில் நனைத்து மார்பில் போட்டுக்கொள்பவள். காரணமில்லாமல் அழுகிறாள் என்று மகனிடம் அடி வாங்கியவள். சிறுநீர் அடக்க முடியாமல் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டவள். இவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். இவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் கணவர்கள் பஞ்சாயத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்பளைங்களுக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது என்று பேசினார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

நடவுப் பெண் சொன்ன தாளின் பின்பக்கத்தில் டீச்சரின் சின்ன எழுத்தில் இது இருந்தது: "வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு உதிரம் நிற்கவே இல்லை. வீட்டில் மறைத்துவைத்திருக்கிறார். துணிகளைக் கரும்புத் தோட்டத்துக்குள் காயப்போடுகிறார். நேற்று வாய்க்கால் ஓரம் மயங்கி உட்கார்ந்தார்."

படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவள் பிழைப்பாளா என்று தோன்றவில்லை. அவள் வலியும் தோன்றவில்லை. தீட்டோடு சமைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தீ மிதித்திருக்கிறேன் என்று தோன்றியது. என்னை ஏமாற்றிவிட்டாள் என்று தோன்றியது. பள்ளி விடும்வரை பொறுக்காமல் வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நின்னு போச்சுன்னு சொன்னியே, நின்னு போச்சா?"

அவள் கையை அரிசியிலிருந்து எடுக்கவில்லை. "யாரு சொன்னது?"

"காப்பு கட்டிக்கினு இருந்தப்பவும் இப்படித்தானா? இந்தக் கையாலதான் ஆக்கிப் போட்டியா?"

"வேற எந்தக் கையால போடறது? நீங்கதான முடிவு பண்ணுன்னீங்க. பண்ணிட்டேன்."

மகள் பின்கட்டிலிருந்து வந்து நடுவில் நின்றாள். "எனக்குத் தெரியும்பா. நான்தான் துணியெல்லாம் அலசறேன். அம்மாவால மாடிப்படி ஏற முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போப்பா."

"நீயும் கூட்டா?" என்றேன். என் மகளிடம் நான் சொன்னது அவ்வளவுதான்.

அன்றே மனைவியை மறுபடி கொட்டகை அறைக்கு அனுப்பினேன். தாளை மாற்றி எழுதவில்லை. மாற்றினால் பூஜ்யம் போட்டது யார் என்று டாக்டரம்மா கேட்பார், டீச்சருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும். நடவுப் பெண்ணின் தாளில் பின்பக்கத்தை மட்டும் இங்க் ரப்பரால் சுரண்டினேன். காகிதம் கிழிந்தது. கிழிந்த தாளை அப்படியே கட்டுக்குள் சொருகினேன். அடுத்த நாள் வழியில் அந்த நடவுப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன், என் வீட்டு விஷயத்தை நீ ஏன் பேசினாய் என்று.

"கேட்டாங்க, சொன்னேன் வாத்தியாரே. நீயி கேட்டிருந்தா உங்கிட்டயும் சொல்லியிருப்பேன்."

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளியிலேயே முகாம் நடந்தது. ஆறாம் வகுப்பு அறையில் திரை கட்டி டாக்டரம்மா உள்ளே இருந்தார். வெளியே மேசை போட்டுப் பட்டியலோடு நான் உட்கார்ந்திருந்தேன். பெயரைப் பார்த்து, சீட்டுக் கொடுத்து, உள்ளே அனுப்புவது என் வேலை. பத்து மணிக்கு நடவுப் பெண் வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக உள்ளே போகும்வரை எனக்கு நேரம் இருந்தது. எழுந்துபோய்க் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போக நேரம் இருந்தது.

அவள் மேசைக்கு முன் வந்தாள். நான் பட்டியலில் விரலை ஓட்டினேன். கடைசிவரை ஓட்டினேன்.

"உங்க பேரு இதுல இல்லீங்க" என்றேன்.

என்னோடு இருபத்தேழு வருடம் வாழ்ந்தவளை நீங்க என்றேன், யாரோ வெளியூர்ப் பெண்ணிடம் பேசுவதுபோல. நடவுப் பெண் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா வாத்தியாரே, பொண்டாட்டிய அடையாளம் தெரியலியா? மூக்குக் கண்ணாடிய மாத்து."

வரிசையில் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "லிஸ்ட்ல இல்லாதவங்கள அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. அடுத்த வாட்டி பாக்கலாம். அடுத்தது யாரு?" என்றேன். திரை பத்தடி தூரத்தில் இருந்தது. உள்ளே டாக்டரம்மா யாரிடமோ பேசுவது கேட்டது. என் மனைவி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் போடவில்லை. "சரிங்க" என்று திரும்பினாள். நடவுப் பெண் அவளைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாம்மா, இவரு இன்னா பெரிய..." என்றாள். என் மனைவி கையை விடுவித்துக்கொண்டு, வேப்பமரத்தைத் தாண்டி மெதுவாக நடந்துபோனாள். புருஷனை ஊருக்கு முன்னால் பொய்யனாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய அந்த நாகரிகம்தான் எனக்கு வசதியாக இருந்தது.

கார்த்திகையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்தாள். கரும்பு ஏற்றும் டிராக்டரில் பாய் விரித்துப் படுக்கவைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையில் கட்டி, பரவியிருக்கிறது என்றார்கள். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் என்னைத் திட்டியதாக இருந்திருக்கும். அவர் கட்டிலருகே குனிந்து அவளிடம்தான் கேட்டார்.

"முன்னாடியே ஏம்மா வரல?"

"வந்தேங்க. பேரு இல்லன்னுட்டாங்க."

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. யார் அப்படிச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல அங்கே எனக்கு வாய் இருந்தது. நான் சொல்லவில்லை.

பங்குனி தொடக்கத்தில் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊர் ஆண்கள் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு அவளைப் புகழ ஆரம்பித்தார்கள். தங்கமான பொம்பளை, ஒரு நாள் முடியலன்னு படுத்ததில்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. ஒருத்தர் முடிக்க இன்னொருத்தர் தொடங்கினார். என் பங்காளி ஒருவர், "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தல வலிச்சாலே டாக்டரு" என்றார். எழுந்து நின்றேன்.

"அவளுக்கு ஒரு வருசமா உதிரம் நிக்கல. எங்கிட்ட மறைச்சா, ஏன்னா நான் கத்துனேன். எனக்குத் தெரிஞ்சப்புறமும் டாக்டருகிட்ட அனுப்பல. முகாமுக்குத் தானா வந்தவள நான்தான் திருப்பி அனுப்புனேன். உங்க வூட்லயும் போய்க் கேளுங்க. உங்க பொண்டாட்டிங்களுக்கு இன்னா செய்யுதுன்னு போய்க் கேளுங்கடா."

யாராவது என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பங்காளி மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வருசமான்னா, எப்போலேருந்து? போன சித்திரைக்கு முன்னாடியா?"

"ஆமா."

"நீ காப்பு கட்டிக்கினு இருந்தியே?"

"ஆமா."

"அடப்பாவி. அதான் எம்மச்சானுக்குக் கால் வெந்துது. நான் அப்பவே சொன்னேன், எந்த வூட்லயோ சுத்தம் இல்லன்னு."

அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. கால் வெந்த மச்சான், மழை தப்பியது, கரும்பில் சிவப்பு நோய் விழுந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வருடம் முழுக்க ரத்தம் போனது அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எந்தத் தேதியில் போனது என்பதுதான் விஷயமாக இருந்தது. இந்தச் சித்திரைக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் பரிகாரம் செய்ய வேண்டும், வாத்தியார்தான் வந்து நிற்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். "வுடுபா, பொம்பளைங்க சமாச்சாரம், நீ இன்னா பண்ணுவ" என்று ஒருவர் என் தோளைத் தட்டினார்.

மகள் உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர்களிடம் முடியாது என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். இறந்தவளுக்காகச் செய்வதற்கு என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவளைத் தீட்டு என்று ஊர் சொல்லும்போது, இல்லை என்று சொல்வது.

நான் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கோயில் குளத்தின் கடைசிப் படியில் நின்று, மஞ்சள் தண்ணீர் மூன்று குடம் என் தலையில் ஊற்றிக்கொண்டேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரோடு ஒத்துப்போகாமல் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். சோறு அடுப்பில் இருந்தது. நானே போட்டுக்கொண்டு தின்றேன். எனக்குப் பசித்தது.